சவுக்காரக் கொம்பனிக்கு நீங்கள் எழுதிய விலாசம்

இன்று சங்கக்கடைக்குக் குளிக்கிற சவுக்காரம் வந்திருந்தது. பெட்டியை உடைத்ததும் எழுந்தது, லீவில் வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் அதே வாசனை. வீட்டுக்கு வந்தும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலையை வைத்தேன், இறக்கினேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எழுதினாலாவது கால் ஓரிடத்தில் நிற்குமா என்று பார்க்கிறேன்.

நீங்கள் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொழும்பில் சவுக்காரக் கொம்பனி ஒன்றின் கணக்குப் பகுதியில் பயிலுநர் வேலைக்கு விண்ணப்பித்தீர்கள். நிரந்தர விலாசம் கேட்ட இடத்தில் தன்னாமுனையிலுள்ள உங்கள் அம்மா வீட்டை எழுதாமல், செட்டிபாளையத்தில் எனக்குச் சீதனமாக எழும்பிக்கொண்டிருந்த வீட்டை எழுதிவிட்டீர்கள். நம் பக்கத்தில் ஆணுக்கு நிரந்தர வீடு பெண்சாதி வீடுதானே! ஆனால் கலியாணத்துக்கு நாள்கூட வைக்கவில்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. தபால்காரர் மொட்டைச் சுவர்களுக்கு நடுவே நின்று உங்கள் பெயரைக் கூப்பிட, மேசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

கடிதம் என் கைக்கு வந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு. கொழும்பு என்று கண்டதும் மனம் துள்ளியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இந்த ஒரே தெருவில் நடந்து நடந்து எனக்கு அலுத்துவிட்டிருந்தது. எங்காவது போனால் போதுமென்று தவித்தேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

“மாப்பிள்ள கொழும்புக்குப் போனா இந்த வீட்டுல ஆரு புள்ள குடியிருக்கிற? இங்க கச்சேரியில ஒரு அரசாங்க வேலையப் பாக்கட்டும். இந்தக் கடிதத்த அவருக்குக் குடுக்க வேணாம்.”

மறுநாள் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடிதத்தோடு தன்னாமுனைக்கு பஸ் ஏறினேன். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டு வாசல் படலையில் பெண் போய் நிற்பதா? உங்கள் தங்கை வாயில் கை வைத்தாள். நீங்கள் இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தீர்கள்.

வாசித்துவிட்டு, “நான் போகவா?” என்று என்னையே கேட்டீர்கள்.

“போக வேணாமெண்டா இவ்வளவு தூரம் வந்திருப்பனா? சுறுக்கா வெளிக்கிடுங்க.”

கணக்குக் கேட்பார்கள் என்று போன உங்களிடம், வீட்டில் என்ன சவுக்காரம் பாவிக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். போட்டிக் கொம்பனியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்தீர்கள்! அப்படியும் வேலை கிடைத்தது.

கலியாணம் முடிந்தது. நீங்கள் கொழும்பில் போடிங் அறையில், நான் புது வீட்டில். குடிபுகுந்த வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது என்றார் அம்மா. நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். அந்த வீட்டின் மேல் உங்களுக்குத்தான் எவ்வளவு ஆசை! போன வருஷம் கொம்பனிக் கந்தோர் மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்களாம். உங்களைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோரும் அழுதார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஆறவில்லை.

ஒவ்வொரு லீவு முடிவிலும் உங்கள் சூட்கேசை நான்தானே அடுக்குவேன்? எல்லாவற்றுக்கும் மேலே என் சீலை ஒன்றையும் மடித்து வைப்பேன். நானும் வரவா என்று வாயால் கேட்கக் கூச்சம். நீங்கள் மூடப்போகும்போது அதைக் கண்டு சிரிப்பீர்கள்.

“உன்ட சீலய மறந்து வச்சிட்டாய் கா,” என்று எடுத்து என் கையில் தருவீர்கள்.