வெளியே விடாத கேட்

கோபக்காரிக்கு,

உன் தலைமேல் சத்தியமாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

“கட்டித் தொலைச்சிட்டு வாங்களேன்” என்று சொல்லிவிட்டு நேற்றிலிருந்து நீ பேசாமல் இருக்கிறாயே, அந்த பார்க்கிங் அபராதத்தை எதிர்த்துச் சண்டை போட உன் வீட்டுக்காரர், அதாவது நான்தான், கிளம்பிவிட்டார். பார்க்கிங்காரர்களின் கேட் திறக்காமல் மக்கர் செய்த நேரத்துக்கெல்லாம் நம்மிடம் காசு கேட்பது அநியாயம். பாவம், கேட்டின் மேலும் தப்பில்லை. கல்யாணமான புதிதில் நாம் போன தியேட்டரை இடித்துக் கட்டிய பார்க்கிங் அது. படத்தின் பாதியில் நீ அழுதுகொண்டே எழுந்தபோது, “இரும்மா, கடைசியில சேர்ந்துடுவாங்க” என்று கதவை மறித்தாரே டிக்கெட் கிழிப்பவர், அவர் புத்தி அந்தக் கேட்டுக்கும் வந்துவிட்டது. பார்க்கிங் மேனேஜரிடம் உன் வீட்டுக்காரர் இதைத்தான் சொல்லப்போகிறார்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டு.

அன்று தியேட்டர் இருட்டில் நீ இறுக்கிப் பிடித்த கை உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வலிக்கிறதாம்.

இன்னொன்று. அந்தத் தியேட்டரை யாரும் இடிக்கவில்லை, அடுத்த தெருவில் இன்றும் படம் ஓடுகிறது.