கண்ணில் பறந்த பொறி

அக்கா, இன்று காலை பதுளைக் கடைவீதியில் ஈயம் பூசுகிறவன் ஒரு பித்தளைக் குண்டானைக் கரியடுப்பில் காய வைத்து, அதற்குள் ஒரு சிட்டிகை நவச்சாரத்தைப் போட்டான். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்தது. நின்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் ஒருத்தி மட்டும் கண்ணில் நீர் வழிய அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, கண்ணு எரியலையா?" என்று கேட்டான். எரியாமல் என்ன? ஆனால் அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீயும் நானும் அந்த மரப்பெட்டியும் கண்முன்னே வந்துவிட்டோம். காய்கறிப் பையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்திருந்தாலும் உனக்கு எழுத்துத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆகையால் இப்போதும் சத்தம்போட்டு வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. அப்போது பண்டாரவளையோடு நின்றது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து உன்னை மாட்டுவண்டியில் படுக்கவைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோதுதான் உன்னை முதன்முதலாகப் பார்த்தேன். நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆயா. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து இங்கிலீஷ் படித்திருந்ததால் டாக்டர் துரைக்கு மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில்தான். அவருக்குத் தமிழ் வராது, உங்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல, அக்கா. நான் சொன்னதுதான் நோய், நான் சொன்னதுதான் மருந்து என்று நடந்துகொண்டிருந்தேன்.

உன் கதையை உன் புருஷன், மச்சான்தான் சொன்னார். உனக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்கென்று தோட்டத்தில் கொடுத்த கொய்னாவை, அந்தக் குயினைன் பொடியை, இரண்டே நாளில் விழுங்கித் தீர்த்திருக்கிறாய். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "கசக்குறது ஒரேயடியா கசந்துட்டுப் போகட்டுமுன்னு நெனச்சேன்" என்றாய். காய்ச்சல் போயிற்று, காதுக்குள் இரைச்சல் வந்தது. மறுநாள் காலையில், "விடிஞ்ச பொறவும் கதவத் தொறக்காம என்ன தூக்கம்?" என்று மச்சானை ஏசினாயாம். கதவு திறந்துதான் கிடந்தது. மச்சான் உன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் உன் இமையை விரித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறில்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புதான் கொய்னாவின் விஷத்தால் பட்டினி கிடக்கிறது என்றார். அது பட்டுப்போய்விட்டதா, உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு என்றார். அதற்காகத்தான் அந்தப் பெட்டி வந்தது. வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், அவற்றில் நவச்சாரம் கரைத்த தண்ணீர், இரண்டு கம்பிகள். நவச்சாரக் கட்டியை இடித்துக் கரைப்பது என் வேலை. ஈரத்துணி சுற்றிய தகடு ஒன்றை உன் பிடரியிலும் இன்னொன்றை மூடிய இமைமேலும் வைத்து மின்சாரம் விடுவார். நரம்பில் உயிர் இருந்தால் அது பாய்கிற நொடியில் இருட்டுக்குள் வெளிச்சம் தெரியுமாம். தெரிந்தால் தினமும் கொடுத்து நரம்பை உசுப்பிப் பார்க்கலாம். தெரியாவிட்டால் கைவிரிக்க வேண்டியதுதான்.

கைவிரித்தால் என்ன ஆகும் என்று நம் இருவருக்கும் தெரியும். தோட்டத்துத் துரை கடிதம் எழுதிக் கேட்டிருந்தான். பார்வை வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் தோட்டத்துப் பதிவிலிருந்து உன் பேரை வெட்டிவிட்டு, உன்னைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மச்சானைத் தோட்டம் விடாது. ஊரில் உனக்கு ஒரு நாதியும் கிடையாது. "கண்ணு போனது போவட்டும் புள்ள. கண்ணில்லாம தனியா கப்பல்ல ஏத்திருவாகளே, எறங்கி யாரு கையப் புடிக்கிறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே.

முதல் நாள். டாக்டர் மின்சாரத்தைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு குப்பியாகச் சேர்த்துக்கொண்டே போனார். ஏழாவதோ எட்டாவதோ சேர்த்தபோது நீ தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாய்.

"ஆத்தாடி, கண்ணுல பொறி பறக்குது."

"என்ன சொல்கிறாள்?" என்று டாக்டர் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பளாரென்று அறை வாங்கினவன் வேறென்ன சொல்வான்? கண்ணில் பொறி பறந்தது என்றால் பொறுக்கமுடியாத வலி என்றுதானே நம் ஊரில் அர்த்தம். "ரொம்ப வலிக்கிறதாம் சார்" என்றேன். அவர் பதறிப்போய்க் குப்பிகளைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார். பிறகு, "வெளிச்சம் தெரியுதான்னு கேக்குறாரு அக்கா" என்று நான் கேட்க, நீ "இல்லியே புள்ள" என்றாய். மறுநாளும் அதே பாதி மின்சாரம், அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாளும் அப்படியே ஆயிற்று. டாக்டர் கம்பியைச் சுருட்டிப் பெட்டியை மூடினார். தோட்டத்துக்குக் கடிதம் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று காலையே பண்டாரவளைக்குப் போகிறார், திரும்பி வரப் பத்து நாள் ஆகும்.

உனக்குக் கஞ்சி கொடுக்க வந்தேன். அழுகை வந்தது, அதை மறைக்க உன்னிடம் எரிந்து விழுந்தேன். நீ பாட்டுக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "ஏ புள்ள, மொத நாளு மாதிரி ஏன் அந்தப் பொட்டிய பெறவு வைக்கல?" என்று கேட்டாய்.

"ஒனக்கு வலிச்சுச்சுல்ல, அதான்."

"வலிச்சுச்சுன்னு யாரு சொன்னா?"

"நீதானக்கா சொன்ன, பொறி பறக்குதுன்னு."

"ஆமா, பறந்துச்சு. நீலமா, அடுப்ப ஊதுனா செதறுமே அந்தக் கணக்கா. நல்லா இருந்துச்சு. இருட்டுலயே கெடந்தவளுக்கு அது ஒரு வேடிக்கைல்ல."

"அப்ப வெளிச்சம் தெரியலன்னு ஏன் சொன்ன?"

"வெளிச்சமுன்னா வெளக்கு, இல்ல பகலு. அது எங்க தெரிஞ்சிச்சு? இது பொறிதான புள்ள?"

கஞ்சிக் கோப்பை கையிலிருந்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. வாசலுக்கு ஓடினேன். டாக்டரின் குதிரை வளைவைத் தாண்டிவிட்டிருந்தது. ரோட்டைப் பிடித்துப் போனால் எட்ட முடியாது. தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து சரிவிலே குறுக்கே இறங்கினேன். சேலை கிழிந்தது, முழங்காலில் ரத்தம், செருப்பு ஒன்று போயே போச்சு. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அட்டை கடித்துவிட்டதென்று நினைத்துச் சிரித்தார்கள். கீழ் ரோட்டில் குதிரைக்கு முன்னால் போய் விழுந்தேன் என்றே சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்துப் பொறிக்கு இங்கிலீஷில் என்ன என்று வாயில் வரவில்லை, அக்கா. அத்தனை கர்வமும் காற்றில் போயிற்று. "லிட்டில் ஃபயர் சார், லிட்டில் ஃபயர் இன் தி ஐ" என்று கத்துகிறேன். அவர் என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டதென்று குதிரையிலிருந்து இறங்கி என் இமையைப் பிடித்து விரிக்கிறார். கையைத் தட்டிவிட்டேன். ஒரு துரையின் கையைத் தட்டிவிட்டேன், அக்கா. வலி என்று அவள் சொல்லவேயில்லை, அது என் தப்பு, அவள் நெருப்பைப் பார்த்தாள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் குதிரையில் ஏறி அதை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

பெட்டியை மறுபடி திறந்தோம். ஒரு குப்பி, இரண்டு, மூன்று. எட்டாவதைச் சேர்த்தார். நீ தலையை இழுக்கவில்லை. வாயெல்லாம் பல்லாக, "பறக்குதுங்க" என்றாய். "ஸ்பார்க்" என்றேன் நான். இப்போது வந்தது பாழாய்ப்போன சொல். டாக்டர் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

அதற்குப்பின் ஒரு மாதம். அவர் மொழிபெயர்ப்புக்கு என்னை நம்பவில்லை, தானே உன்னிடம் "பூரி?" என்று கேட்பார். நீ, "ஆமாங்க, பூரி பறக்குதுங்க, கெழங்குதான் இன்னும் வரல" என்பாய். அவர் முழிப்பார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவேன். பொறி போய் மங்கல் வந்தது. மங்கலில் ஜன்னல் எங்கே என்று கை காட்டினாய். ஒரு காலையில் நான் உன் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது திரும்பி என்னையே உற்றுப் பார்த்தாய்.

"ஏ புள்ள, ஒன் கொரல கேட்டு செவத்த பொம்பளன்னுல்ல நெனச்சிருந்தேன்."

சீப்பைப் போட்டுவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை.

முழுப் பார்வை வரவில்லை. ஊதுகுழல் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே இருப்பது மட்டும் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. கோழி பார்ப்பதுபோல் தலையைத் திருப்பித் திருப்பிக் கொழுந்து எடுத்தாய், மச்சானோடு அதே லயத்து வரிசைவீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாய். தோட்டத்திலே பேர் வெட்டுப்படவில்லை. டாக்டர் சீமைக்குப் போகுமுன் என்னிடம் ஒன்று சொன்னார். கொய்னாவால் போன பார்வை சிலருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்புமாம். பெட்டி கொடுத்ததா, நாள் கொடுத்ததா என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்படியானால் நான் ஓடியது எதற்கு என்று உன்னிடம் வந்து பொருமினேன்.

நீ சொன்னாய்: "பொட்டியோ நாளோ, கப்பல் ஏறாம நின்னேன்ல. தப்பு எல்லாரும் பண்றதுதான் புள்ள. பண்ணிட்டு ஓடி வந்து ஒத்துக்கிறவ எவ?"

போன மார்கழியில் நெஞ்சுச் சளியில் நீ போனாய். எனக்குத் தாமதமாகத்தான் தகவல் வந்தது. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், அக்கா. முந்தாநாள் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உடம்புக்கு என்ன செய்கிறது என்று புது டாக்டர் கேட்கச் சொன்னார். "நெஞ்சுக்குள்ள பெரட்டுத் தப்பு அடிக்கிதுங்க" என்றாள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கிற அந்தப் பறையைச் சொல்கிறாள். படபடப்பு என்று சொல்ல என் நாக்கு துள்ளியது. அதை அடக்கிக்கொண்டு, "நெஞ்சுக்குள் பறை அடிக்கிறது என்கிறாள் சார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி அடிக்கிது தாயி, வெரல்ல தட்டிக் காட்டு" என்றேன்.

அவள் என் உள்ளங்கையில் தட்டத் தொடங்கினாள்.