நந்தினியின் ஐந்தாவது வரி

நவம்பர் 20, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. பாலிகஞ்ச் டியூஷன் சார் இன்று பெற்றோர்களை அழைத்திருந்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் நான் போனேன். எல்லார் முன்னாலும் என் தங்கை நந்தினியை எழுப்பி, வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். அவளுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் சிரமம் என்று ஜூன் மாதமே அவரிடம் சொல்லியாயிற்று.

அவள் தன் அட்டையை எடுத்தாள். ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் வெட்டிய பழைய கல்யாணப் பத்திரிகை. அதைப் பக்கத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். மூன்று வாரமாக வீட்டில் இப்படித்தான் பழகுகிறாள். நான்கு வரி சரியாக வந்தது. ஐந்தாவதில் நின்றாள்.

"டிராம்கூட இதைவிட வேகமாப் போகும்மா," என்றார் சார் பெங்காலியில். எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து! எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்கி, மீதியைக் கடகடவென்று நானே வாசித்து முடித்தேன். அவர் முகத்தில் அறைந்த மாதிரி ஒரு திருப்திகூட இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சால்ட் லேக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவள் சொன்னாள்.

"அவர் சிரிச்சா சிரிக்கட்டும்க்கா. அந்த வார்த்தையை மனசுக்குள்ள துண்டு துண்டாப் பிரிச்சுட்டிருந்தேன். வந்துடுச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள நீ பிடுங்கிட்ட."

"உன்னை அவமானப்படுத்தினார்டி!"

"எனக்கு வாசிக்க வராதுன்னு அவர் நெனச்சார். நீ அதை எல்லாருக்கும் நிரூபிச்சுட்ட."

சனிக்கிழமை வகுப்புக்கு நான் கூட வரக் கூடாதாம். அதே பத்தியை முதலிலிருந்து வாசிக்கப்போகிறாளாம்.

சாரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி எழுத ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.