நான்காம் பகுதி யாருடையது

இன்று காலை ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்தபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. கல்பொடியும் நீராவியும் சேர்ந்து வெந்த வாசனை. ஆய்வுக்கூடத்துப் பெண்கள் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு மட்டும் கை அப்படியே நின்றுவிட்டது. வாசலில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீ நிற்பாய் என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

"உன் குக்கர்ல என்னிக்காவது நல்லதா ஏதாவது வேகுமா, லேப்காரி?" என்று கேட்பாய். கிருமிகளை நீராவியில் கொல்லும் பாத்திரம் அது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை உனக்கு அது குக்கர்தான்.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் கட்டுரைக்குப் பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டது. போன மாதமே வந்தது. ஏற்றுக்கொள்கிறார்களாம், ஒரு நிபந்தனையோடு. நான்காம் பகுதியை, அந்தச் சமயத் தத்துவப் பகுதியை, எடுத்துவிட வேண்டும். தத்துவத் துறைக்காரி நீ. அந்தப் பகுதி போனால் உன் பங்கு என்று கட்டுரையில் எதுவும் மிஞ்சாதாம். ஆகவே ஆசிரியர் வரிசையிலிருந்து உன் பெயரை எடுத்து, நன்றி சொல்லும் இடத்தில் 'மறைந்த' என்று சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமாம். மூன்றாம் பகுதியை மட்டும் ஏகமாகப் புகழ்ந்திருந்தார்கள். உயிர் எது, உயிரற்றது எது என்பதை இத்தனை தெளிவாக ஓர் உயிரியலாளரால்தான் எழுத முடியும் என்று. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்றாம் பகுதியை எழுதியது நீ. அவர்கள் வேண்டாம் என்கிற நான்காம் பகுதியை எழுதியது நான்.

எல்லாம் சுதாகரின் சிவப்புப் பொடியில் தொடங்கியது. நிலவியல் துறைக்கு அப்போதுதான் வந்திருந்த அவர், செவ்வாய்க் கிரகத்து மண்ணைப் போலவே கல்லை இடித்துச் சலித்து, ஒரு டப்பாவில் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் வைத்தார். நம் ஊர்க் கிருமிகள் அந்த மண்ணில் பிழைக்குமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிழைக்கும் என்றால், அங்கே அனுப்பும் விண்கலத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்பது அடுத்த கேள்வி. நீ பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய்.

"சுத்தம்னா என்ன சார்?" என்று கேட்டாய்.

"ஒண்ணு விடாம கொல்றது மேடம்" என்றார் சுதாகர்.

"எங்க வீட்ல ஒரு கோழி அறுக்கறதுன்னாலே இறைவன் பேரைச் சொல்லித்தான் அறுப்போம். நீங்க கோடிக்கணக்குல கொல்றீங்க. ஒரு வார்த்தை கிடையாதா?"

சுதாகர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. விடைத்தாள் கட்டை மூடிவைத்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாய். அது அதற்கப்புறம் உன் மேசைக்குத் திரும்பிப் போகவே இல்லை.

நாம் வேலை செய்த விதத்தை வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். சனிக்கிழமைகளில் எழும்பூரில் இருக்கும் பழைய நூலகத்துக்குப் போகத் தாம்பரத்தில் ரயில் ஏறுவோம். பெண்கள் பெட்டி. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை ஒருத்தி பேச வேண்டும், மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. அது போதாதென்று நீ இன்னொரு விதியும் போட்டாய். அவரவர் பக்கத்தை அவரவர் பேசக் கூடாது. சாமி கும்பிடாத நான் சமயங்களின் பக்கம். ஐந்து வேளையும் தொழுகிற நீ அறிவியலின் பக்கம்.

"உன் பக்கத்தை நீயே பேசுனா அது வெறும் வீம்பு. எதிராளி பக்கத்தைப் பேசிக் காட்டு, அப்பதான் படிச்சியா இல்லையான்னு தெரியும்" என்றாய்.

தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. அந்தச் சின்னத் தூரத்தை எப்போதும் என் தலையில் கட்டுவாய். நான் தட்டுத் தடுமாறி முடித்ததும் அங்கிருந்து குரோம்பேட்டை வரை நீ வெளுத்து வாங்கிவிடுவாய். திரிசூலத்தில் விமானம் இரைந்தால் அந்த நேரத்தைக் கழித்துத் தர வேண்டும் என்று நான் சண்டை பிடிப்பேன். கூடையோடு ஏறும் சமோசாக்கார அம்மா ஒருநாள் நம் எதிரில் நின்று கேட்டே விட்டாள்.

"இன்னாக்கா, வாரா வாரம் சண்ட போட்டுகினு வர்றீங்க, அப்பால ஒண்ணா எறங்கிப் போறீங்க. இன்னா மேட்டரு?"

"உசுருன்னா இன்னான்னு பேசிகினு வர்றோம்கா" என்று அவள் பேச்சிலேயே சொன்னாய்.

"அது கெடக்குது. சமோசா சூடா கீது, சாப்புடுங்க" என்றாள் அவள். வாங்கித் தின்றோம். அந்தத் தூரம் முழுக்க இருவரும் பேசவில்லை, யார் முறை என்பதும் மறந்துபோனது.

படப்பைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்கில்தான் இந்தப் பழக்கம் நம்மைக் காட்டிக்கொடுத்தது. மேடையில் கேள்வி வந்ததும், ரயிலில் இருக்கிற நினைப்பில் நீ எழுந்தாய். கறுப்புப் பர்தாவில் நின்றுகொண்டு, வித்தாகச் சுருங்கி உறங்கும் கிருமி வெறும் வேதியியல், அதற்குள் ஆன்மா என்று தனியாக எதையும் தேடுவது வீண் வேலை என்று அடித்துப் பேசினாய். நான் விடுவேனா? அந்தக் கிருமியும் நாம் உண்டாக்கியதல்ல, நம்மிடம் தரப்பட்டது என்று எதிர்த்துப் பேசினேன். தலைவராக இருந்த பெரியவர் பாவம், பெயர்ப் பலகைகளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, என் பெயரை எடுத்து உன் முன்னால் வைத்தார். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்தது.

கட்டுரையையும் அப்படியேதான் எழுதினோம். என் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கிருமிகளை எண்ணக் கற்றுக்கொண்டு, என் பாடப் புத்தகங்களையெல்லாம் மஞ்சள் கோடு போட்டுப் பாழாக்கி, மூன்றாம் பகுதியை நீ எழுதினாய். சமணமும் சைவமும் இஸ்லாமும் உயிரைப் பற்றி என்ன சொல்கின்றன என்று உன்னிடம் திட்டு வாங்கி வாங்கி நான்காம் பகுதியை நான் எழுதினேன். அமானிதம் என்ற சொல்லை நீதான் கொடுத்தாய். ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்துவைத்த பொருள், நமக்குச் சொந்தமில்லை, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். உயிர் அப்படித்தான் என்றாய்.

பிறகு உன் வயிற்று வலி. கேஸ் என்று சொல்லிச் சொல்லியே பல மாதங்களை ஓட்டினாய். குரோம்பேட்டை மருத்துவமனையில் படுத்த பிறகு மருத்துவர் உன் கணவரை வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் உள்ளே வந்த முகத்தைப் பார்த்தே நீ தெரிந்துகொண்டாய். அவர் மருந்து வாங்கப் போனதும் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாய்.

"முறைப்படி பேசுவோம். நான் உன் பக்கம். மூச்சு நின்னா நின்னதுதான். செல்லு ஒண்ணொண்ணா அணைஞ்சிடும். அப்புறம் நான்னு ஒண்ணு எங்கேயும் கிடையாது. அவ்ளோதான். இப்ப நீ பேசு."

வித்து காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் எழுந்துவிடுகிறதே என்று ஆரம்பித்தேன்.

"ஏய், அது அறிவியல், இப்ப என் பக்கம். திருடாதே" என்றாய்.

வேறு வழியில்லை. நீ நம்புகிற பக்கத்தைத்தான் பேச வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்வது அழிப்பது ஆகாது என்றேன். கொடுத்தவனிடம் திரும்பிப் போகிற பொருள் தொலைந்துபோவதில்லை, நம் கண்ணுக்குத்தான் இல்லாமல் போகிறது என்றேன். நீ போகிற இடத்தில் உன்னை அடையாளம் தெரிந்தவன் இருக்கிறான் என்றேன். நீ கண்ணை மூடிக் கேட்டாய். இமையோரம் நனைந்து, கண்ணீர் காது வரை வழிந்தது.

"நம்புறவங்க சொன்னா ஆறுதல் சொல்றாங்கன்னு தோணிடுது. நீ சொன்னா வாதமா இருக்கு. இன்னொரு வாட்டி சொல்லு" என்றாய். சொன்னேன். அதற்குப் பிறகு போனபோதெல்லாம் சொன்னேன். கடைசி நாள்களில் நீ எதிர்வாதம் பேசுவதை நிறுத்திவிட்டாய். நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே நான்காம் பகுதியின் முடிவில் சேர்த்தேன்.

உன் மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று, உன் வீட்டுப் பெண்கள் தங்கள் நடுவில் எனக்கு இடம்விட்டு உட்கார வைத்தார்கள். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை.

பத்திரிகையின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்ளலாம் என்றார் சுதாகர். "அவங்க இருந்திருந்தா அவங்களே சரின்னு சொல்லியிருப்பாங்க மேடம்." போனவர்களை எதற்கு வேண்டுமானாலும் சரி சொல்ல வைத்துவிடலாம், அவர்கள் வந்து மறுக்கப்போவதில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்விட்டேன். ஆனால் கோபம் தணிந்ததும் எனக்கும் வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் உன் பெயர் நிற்கும். நிற்பதோ, ஆன்மா என்று ஒன்று கிடையாது என்கிற பக்கங்களின்மேல். நீ வாதத்துக்காக எழுதிய, ஒருநாளும் நம்பாத பக்கங்கள். சொல்லாமல் விட்டால் நீ உழைத்ததே இல்லை என்று ஆகிவிடும். இதை நான் ஒருத்தி முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து உன் கணவர் வந்திருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். ஹார்டுவேர் கடையை மகனிடம் விட்டுவிட்டார். இளைத்துப்போயிருக்கிறார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"நீங்க வேணாம்னா நான் வாயை மூடிக்கிறேன் அண்ணா. யாராவது படிச்சிட்டு, உன் வீட்டுக்காரி இப்படியா எழுதினான்னு உங்களைக் கேக்கலாம்."

அவர் லேசாகச் சிரித்தார்.

"வீட்லயும் அப்படித்தான் மேடம். நான் எதைச் சொன்னாலும் எதிரா பேசுவா. பேசி முடிச்சிட்டு நான் சொன்னதையே செய்வா. அவ தொழுதது எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். எழுதினது அவன்னா அவ பேரைப் போடுங்க." பிறகு கேட்டார். "அப்ப, அவ நம்பினது?"

"அது நாலாவது பகுதில இருக்கு. அதைத்தான் எடுத்துடச் சொல்றாங்க."

"அதை யார் எழுதினது?"

"நான்தான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எந்தச் சாமியையும் கும்பிடாதவள் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ முறை நீ அவர் முன்னால் வைத்தே என்னைக் கிண்டல் செய்திருக்கிறாய். "படிங்க" என்றார். இங்கிலீஷில் இருக்கிறது என்றேன். "தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். இந்தச் சின்ன உயிரும் நாம் செய்ததல்ல, நம் கையில் தரப்பட்டது. கொல்லாமல் தீராது என்கிறபோது கொல்கிறோம், ஆனால் கொடுத்தவனை மறந்துவிட்டுக் கொல்லக் கூடாது. நம்மிடமிருந்து ஓர் உயிர் எடுத்துக்கொள்ளப்படும்போதும் அது தொலைந்துபோவதில்லை. அதை அடையாளம் தெரிந்தவனிடம் போகிறது. கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. உன் கணவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தியிருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன். "ஆமீன்" என்று சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற உன் மகளும் சொன்னாள். அவர்களோடு சேர்ந்து என் வாயிலிருந்தும் அது வந்தது.

பதிலை இன்று காலை அனுப்பிவிட்டேன். மூன்றாம் பகுதி உன்னுடையது என்றும், எடுக்கப்போகிற நான்காம் பகுதி என்னுடையது என்றும் தெளிவாக எழுதினேன். சுதாகரும் கையெழுத்துப் போட்டார். உன் பெயர் கட்டுரையில் இருக்கும். உன் நம்பிக்கை அதில் இருக்காது, அது அச்சில் எங்கும் வரப்போவதில்லை. அதை வைத்திருக்கச் சொல்லி உன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, நம்பாத ஒருத்தியைப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் இப்போதும் எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை. வகுப்பில் போன வாரம் ஒரு பெண் எழுந்து, "செத்தா அவ்ளோதானே மேடம், அப்புறம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். இத்தனை வருஷமும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லி வந்த கேள்வி அது. அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.