மாமன் மாலை

அம்பத்தூர், கள்ளிக்குப்பம்
9.3.2025

அன்புள்ள பேபி அண்ணிக்கு,

நாங்கள் இங்கே நலம். அண்ணனும், உங்கள் மகன் சரண் குடும்பமும், உங்கள் முழங்கால் வலியும் எப்படி? போன் செய்தால் உங்களுக்குக் கேட்பதில்லை, மெசேஜ் என்றால் எல்லோரும் பேசித்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் வேலை பார்த்த அந்த பிரஸ் ஷாப் மிஷின் உங்கள் காதைத் தின்றதில் எனக்கு ஒரே லாபம், இந்தக் காலத்திலும் எனக்குக் கடிதம் போட ஓர் ஆள் இருப்பதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வர்ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் சரவணக்குமார், அவள் ஆபீசிலேயே வேலை. நாமக்கல் பக்கத்துக்காரர்கள், இப்போது போரூரில் ஃப்ளாட். வைகாசியில் முகூர்த்தம். நகை, சீர் என்று எதுவும் கேட்கவில்லை. ஆனால் வர்ஷா ஒரு நிபந்தனை போட்டாள். அப்பாவின் பி.எஃப். பணத்தைத் தொடக்கூடாதாம், வட்டிக்கும் வாங்கக்கூடாதாம். அவளும் மாப்பிள்ளையும் சேர்த்து வைத்த பணத்தில் சின்னதாக, ஆனால் பார்க்க அழகாக நடத்த வேண்டுமாம். செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிற சாலையில் புல்வெளியோடு ஒரு ரிசார்ட் பார்த்திருக்கிறாள்.

மண்டபம் இல்லாமல் கல்யாணமா என்று இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

முதல் பத்திரிகை அண்ணனுக்குத்தான். நானும் இவரும் ஓசூருக்கே வந்து தட்டில் வைத்துக் கொடுப்போம். அதற்கு முன்னால் யாருக்கும் கிடையாது.

உங்கள் நாத்தனார்,
அனுசுயா

ஓசூர்
18.3.2025

என் செல்ல நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டார் உன் அண்ணன். எனக்குத்தான் கேட்காது, அவருக்கும் காது போய்விட்டதோ என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் இத்தனை நாடகம்.

“நம்ம பொண்ணுக்குக் கல்யாணம் பேபி. கைய புட்ச்சு மணவறைக்கு இட்டுகினு போறது நான்தானே? வேற யாரு கீறா அவளுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உனக்குக் கூடப் பிறந்த அண்ணன் தம்பி இல்லை என்று திருவேற்காட்டில் வர்ஷாவுக்குக் காது குத்தின அன்றைக்கு உன் மாமியார் எப்படி வாயாடினாள், மறந்துவிட்டாயா? ஷிப்ட் முடிந்து மிஷின் எண்ணெய் வாசனையோடு ஓடி வந்த மனுஷன், “நான் கீறேன்மா மாமன்” என்று சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உன் பெண் அவர் மடியிலேயே ஈரம் பண்ணினாள். அந்த வேட்டியை அவர் துவைக்கவே விடவில்லை. அதுவரை பக்கத்து வீட்டுக்காரியாக இருந்த நான் அன்றிலிருந்து உனக்கு அண்ணி. கம்பெனி ஓசூருக்கு மாறி நாங்கள் இங்கே வந்தது வேறு கதை, முறை மாறவில்லை.

இப்போது இங்கே நடக்கிற கூத்தைக் கேள். அங்கே பாடியிலிருந்து பேண்டு செட், இருபத்தொரு வரிசைத் தட்டு, ரோட்டோரம் தாய்மாமன் படம் போட்டு பேனர், இங்கேயிருந்து ஒரு வேன் ஆள். பேனருக்காகக் கூலிங் கிளாஸ் போட்டு போட்டோ வேறு எடுத்துவிட்டார். பட்டு வேட்டி சட்டையும் வாங்கியாயிற்று. நீ தட்டோடு வருகிற தேதியைச் சொல், வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

உன் அண்ணி,
பேபி

அம்பத்தூர்
14.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாண வேலை என்றால் புடவை எடுப்பது, பாத்திரம் வாங்குவது என்று நினைத்திருந்தேன். இங்கே வேலை எல்லாம் ஜெபா என்ற பெண்ணின் கையில். கல்யாண ஏற்பாடு செய்வதுதான் அவள் தொழில். நல்ல பெண், என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்கிறாள். நான் எதைச் சொன்னாலும், “செம ஐடியா ஆன்ட்டி” என்கிறாள். அதோடு அந்த ஐடியா காணாமல் போய்விடுகிறது.

சிக்கனத்தில் இவர்களை அடித்துக்கொள்ள முடியாது. முதல் நாள் சாயங்காலம் அதே இடத்தில் வேறொரு ஜோடிக்கு வரவேற்பு. அவர்கள் போட்ட மேடையைக் கலைக்காமல் மறுநாள் காலை நம் பெண்ணுக்கு. பூ அலங்காரச் செலவு பாதி. அதனால் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது, முகம் தெரியாத அந்த இன்னொரு பெண். எல்லாம் வெளிர் ரோஸ், வெளிர் பச்சை. வருகிறவர்களும் அந்த நிறத்திலேயே உடுத்த வேண்டுமாம். நான் அரக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தேன், பீரோவுக்குள் போய்விட்டது. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையும் நகையும்கூட வாடகைக்குத்தான்.

பேண்டு செட்டுக்கு அங்கே அனுமதி இல்லை அண்ணி. பேனரும் கூடாது. நாதஸ்வரம் தாலி கட்டும்போது மட்டும். பெண் மணவறைக்கு வருவதற்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள், அவள் தனியாக நடந்து வருவாளாம். மொத்தம் நூற்றிருபது பேருக்கு மேல் புல்வெளியில் இடமில்லை. அதில் மாப்பிள்ளை வீடு, இரண்டு பேருடைய ஆபீஸ்.

இவர் ஒரு நாள் வாயைத் திறந்து பார்த்தார். “அப்பா, கடன் இல்லாத கல்யாணம் வேணுமா, ஊரைக் கூட்டணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றாள் வர்ஷா. அவள் கேட்டதில் தப்பு என்று எதையும் பிடிக்க முடியவில்லை. இவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் நாள் காலை வீட்டில் நலங்கு வைக்கிறேன். அது என் இஷ்டம், அதில் ஜெபா கிடையாது. அண்ணன் அதற்கு வந்தால் மேளம், தட்டு எல்லாம் இங்கேயே நிறைவாகச் செய்யலாம் என்று தோன்றியது. நேற்று அண்ணன் போன் செய்தார். இதைச் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். வெயில் அதிகம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள் நாத்தனார்,
அனுசுயா

ஓசூர்
27.4.2025

என் நாத்தனாருக்கு,

நீ சுற்றி வளைத்து எழுதினால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? காதுதான் மந்தம்.

பேண்டு செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேனரையும்தான். கூலிங் கிளாஸ் போட்டோ நடுவீட்டில் மாட்டியிருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். வேனும் வேண்டாம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் வருகிறோம். உன் அண்ணனை உட்கார வைத்துப் பேசினேன். முதலில் குதித்தார். பிறகு, “அது இன்னா கலர் சொன்னே? வெளிர் பச்சையா? அதுலியும் பட்டு வேட்டிக்கு பார்டர் வருமா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கோபம்.

நலங்கு பெண்கள் காரியம் அனுசுயா. அங்கே மாமன் என்ன செய்வார், மஞ்சள் அரைப்பாரா? அவர் கேட்பது ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். பாட்டு அதுபாட்டுக்கு ஓடட்டும்.

இன்னொன்று. போன வாரம் அவர் போனுக்கு வர்ஷாவிடமிருந்து கல்யாண அழைப்பு வந்தது. இரண்டு பேர் படமும், கீழே ஒரு பொத்தானும். முகூர்த்த நேரம் இருக்கிறது, விலாசம் இல்லை. தட்டு வைக்காமல் போனிலா என்று எனக்குச் சுருக்கென்றது. அவர்தான், “காலம் மாறிப்போச்சு, தட்டு இன்னா, போன் இன்னா? கேட்டுல இத்தக் காட்டினா உள்ள உடுவாங்க, சினிமா டிக்கெட் கணக்கா” என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார்.

நீ எப்போது வருகிறாய்?

உன் அண்ணி,
பேபி

அம்பத்தூர்
12.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணன் போனுக்கு வந்தது உள்ளே விடுகிற அழைப்பு இல்லை. கல்யாணத்தைப் போனிலேயே நேரலையில் பார்ப்பதற்கானது. இடமில்லாதவர்களுக்கெல்லாம் அதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். முன்கூட்டியே எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

என் பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றார்கள். இவருடைய அக்கா குடும்பத்தைச் சொன்னதுமே பாதி முடிந்துவிட்டது. அண்ணன் பெயரை நான் முதலிலேயே சொன்னேன், என்னை நம்புங்கள். வர்ஷாவும் சரி என்றுதான் சொன்னாள். பிறகு மாப்பிள்ளை வீட்டில் பேச்சு எழுந்தது. இடம் போதவில்லை என்று மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமன்களையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அங்கே ஒரே சண்டை. இந்த நிலையில், கூடப் பிறக்காத ஒருவர் பெண் பக்கத்தில் மாமனாக வந்து நின்றால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். வர்ஷா அழுதாள். “எனக்கு மட்டும் மாமா வேணாமாம்மா? நான் இன்னா பண்ணட்டும்?” என்றாள். எப்போதும் திருத்தமாகப் பேசுகிறவளுக்கு, அழும்போது நம் பேச்சு வந்துவிட்டது.

கோபப்பட யாராவது கெட்டவர்கள் இருந்தால் தேவலை. யாரும் இல்லை. என் பெண்ணின் கல்யாணத்தில் நானே விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.

தட்டோடு வருகிறேன் என்றேனே, எந்த முகத்தோடு வருவது? நலங்குக்காவது வாருங்கள் அண்ணி. கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரையும் ஓசூருக்கு அழைத்து வந்து அண்ணன் காலில் விழ வைக்கிறேன்.

அனுசுயா

அம்பத்தூர்
16.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. நலங்குக்கும் நீங்கள் வரவில்லை. மணை போட்டு, உங்களுக்கென்று வாங்கின புடவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசலைப் பார்த்தேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு அழகு என்றார்கள், அழகாகத்தான் இருந்தது. வர்ஷா தனியாக நடந்து வந்தாள். பாதி வழியில் புல்லில் புடவை சிக்கி நின்று, வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஜெபா ஓடிப் போய்ச் சரிசெய்தாள். எனக்கு அதற்கு மேல் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. புறப்படும்போது, பெயர் ஒட்டியிருந்த மாப்பிள்ளை காரின் முன்னால் ஒரு மாலை கிடந்தது. சிவப்பு ரோஜாவும் சம்பங்கியும் வைத்து, கை கொள்ளாத கனம். யார் வைத்தார்கள் என்று டிரைவருக்கும் தெரியவில்லை. முதல் நாள் ஜோடியுடையதாக இருக்கும் என்றாள் ஜெபா. படத்தில் நிறம் சேராது என்று வர்ஷா எடுத்துவிடச் சொன்னாள். குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மன் படத்துக்குப் போட்டேன். இரண்டு நாள் வீடெல்லாம் வாசனை.

அண்ணனுக்கு என் மேல் கோபமா? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்,
அனுசுயா

ஓசூர்
30.6.2025

திருமதி அனுசுயா கிருபாகரன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

மாலை முதல் நாள் ஜோடியுடையது இல்லை. அதை வைத்தவர் இவர்தான்.

மே மாதம் நீங்கள் எழுதினதை மறைக்காமல் படித்துக் காட்டினேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். “சும்மா கேட்டாண்ட நின்னு பாத்துட்டு வந்துட்றேன்” என்றார். அதற்கு எதற்குப் பட்டு வேட்டி என்று கேட்டேன். “கடசி நேரத்துல யார்னா உள்ள கூப்ட்டா லுங்கியோடவா போவ முடியும்?” என்றார். நானே மடித்து வைத்துக் கொடுத்தேன்.

பூந்தமல்லியில் இறங்கி, குளிக்க இடம் தேடி, மாலை வாங்கி, ஷேர் ஆட்டோவில் போயிருக்கிறார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி போனைப் பார்த்துவிட்டு, இது உள்ளே விடுவதற்கு இல்லை என்றானாம். “தெரியும்பா, நான் இங்கியே நின்னுக்கிறேன்” என்றாராம். பாவம், அவன் உட்கார ஸ்டூல் கொடுத்தானாம். மாலை கசங்கும் என்று இவர் உட்காரவில்லை. கையில் மாலையும் போனுமாக நின்றுகொண்டே பார்த்திருக்கிறார். போனில் படம் கொஞ்சம் தாமதமாக வருமாம். உள்ளே கெட்டிமேளம் கேட்டு அடங்கின பிறகுதான் போனில் தாலி கட்டினார்களாம். கேட்டபோது ஒரு தடவை, பார்த்தபோது ஒரு தடவை, அட்சதைக்குப் பதில் மாலையிலிருந்து இரண்டு ரோஜாவை உதிர்த்துப் போட்டாராம். பிறகு கேட்டுக்கு வெளியே நின்ற மாப்பிள்ளை காரின் முன்னால் மாலையை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாராம்.

உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று திட்டினேன். “கூப்ட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திருப்பா. பொண்ணு கல்யாணத்தன்னிக்கு அவ அழணுமா?” என்றார்.

மாலையை அம்மனுக்குப் போட்டதைப் படித்துக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். வர்ஷா எடுத்துவிடச் சொன்ன வரியைப் படிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனால் உங்கள் மேல் கோபம் இல்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தையும் நாத்தனார் என்றுதான் ஆரம்பித்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “வோணாம் பேபி. கூடப் பொறக்காதவன்னு அவுங்களே எழுதிட்டாங்க. அவுங்களுக்குக் கஷ்டம் குடுக்காதே” என்றார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

பிள்ளைகளை இவ்வளவு தூரம் அலைய வைக்க வேண்டாம். புடவையையும் அனுப்ப வேண்டாம், அங்கே யாருக்காவது உதவும்.

இப்படிக்கு,
பேபி டில்லிபாபு