நீல்டாவுக்கு ஒரு அர்ச்சனை

மிச்சம், லண்டன்
9.7.1996

என்ர அன்பு மகள் நிரூபாவுக்கு,

அம்மா எழுதுறன். நீயும் உன்ர சிநேகிதி ஹெலனும் சுகமாய் இருக்க அம்மாள் துணை. இஞ்ச நாங்கள் சுகம். உனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டமெண்டு எழுத்தைப் பெரிசாக எழுதுறன். நீங்கள் பொலிவியா பாத்திட்டுத் திரும்பிப் பெருவில குஸ்கோவுக்கு வரேக்கை, இது தபால் கந்தோரில உன்ர பேருக்குக் காத்திருக்கும்.

அப்பா இன்னும் முறுகிக்கொண்டுதான் திரியிறார். குமர்ப்பிள்ளை முதுகில மூட்டை கட்டிக்கொண்டு மலையேறப் போறதோ எண்டு தோர்ண்டன் ஹீத்தில இருக்கிற சித்தி கேட்டதில இருந்து அந்தப் பக்கமே போறேல்லை. ஆனால் நீ அனுப்பின போஸ்ட்காட்டை டிவிக்கு மேல நிமித்தி வைச்சிருக்கிறார். தூசி துடைக்க எடுத்தாலும் எனக்குப் பேச்சு விழுது.

முந்தின கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில என்னென்னவெல்லாம் சொன்னாய். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குதாம், அங்கத்தை ஆக்கள் தாற இலைத் தேத்தண்ணி குடிச்சால்தான் தலையிடி நிக்குதாம். இரவில குளிர் தாங்கேலாமல் ஹெலனின்ர சொக்ஸையும் போட்டுக்கொண்டு படுத்தனியாம். பிறகு, அப்பா வாங்கித் தந்த நீல ஜக்கெற்றை ஆரோ களவெடுத்திட்டினம் எண்டாய். பைக்கு அடியில நானே வைச்சனான் எண்டு அடிச்சுச் சொன்னாய். குஸ்கோ விடுதியில அறை கூட்டுற நீல்டாவிலதான் சந்தேகம், முதலாளியிட்டச் சொன்னம், அண்டைக்கே அவளை நிப்பாட்டிட்டார் எண்டாய். கைக்குழந்தைக்காரி எண்டும் சொன்னாய். பக்கத்தில அப்பா நிண்டார். ஓமோ, என்ன சாப்பிட்டனி எண்டு கேட்டு மழுப்பிப் போட்டன்.

பிள்ளை, அந்த ஜக்கெற் களவு போகேல்லை. என்ர அலுமாரிக்குள்ள, கூறைச் சீலைக்குக் கீழ கிடக்கு.

நீ வெளிக்கிட்ட அண்டு விடிய, குளிக்கப் போன நேரம் நான்தான் எடுத்தனான். அந்த இடத்தில மிளகாய்த்தூளையும் பயத்தம் பணியாரத்தையும் அடைச்சன். இடம் காணாமல்தான் எடுத்தன் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன். பொய். குளிர் தாங்கேலாமல் ஒரு கிழமையில ஓடி வந்திடுவாய் எண்டுதான் எடுத்தன். பெத்த தாய் செய்யிற வேலையே இது? மிளகாய்த்தூள் வைச்சது அம்மா எண்டு கண்டுபிடிச்சுச் சிரிச்சனி, ஜக்கெற்றை எடுத்ததும் அம்மா எண்டு உனக்கு நினைக்கத் தோன்றேல்லை. என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாய்.

நானும் ஹோட்டலில அறை கூட்டுறவள்தானே. ஒரு விசயம் உனக்குச் சொல்லேல்லை. ஒருக்கா ஒரு ஆள் கை மணிக்கூட்டைக் காணேல்லை எண்டு சொல்ல, என்ர கைப்பையைக் கவிட்டுக் கட்டிலில கொட்டினவை. மணிக்கூடு பிறகு அந்தாளின்ர சப்பாத்துக்குள்ள இருந்தது. ஒருத்தரும் ஒரு மன்னிப்புக் கூடக் கேக்கேல்லை. எனக்கெண்டாலும் வேலை மிஞ்சினது. அவளுக்கு என்ன மிஞ்சினது, சொல்லு பாப்பம்.

வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மனிட்டப் போனன். உன்ர பேருக்கு அர்ச்சனை செய்து முடிய, இன்னொரு பேருக்கும் செய்யுங்கோ ஐயா எண்டன். நீல்டா எண்டு சொல்ல, ஐயர் நிமிந்து பாத்திட்டு நட்சத்திரம் கேட்டார். தெரியாது எண்டன். உங்களுக்கு என்ன முறை அம்மா எண்டு கேட்டார். அழுதுபோட்டன். அம்மனுக்குச் சொல்லி என்ன காணும், சொல்லவேண்டிய இடம் அங்கயெல்லோ இருக்கு.

அதால, ராசாத்தி, குஸ்கோவில இறங்கின உடன அவளைத் தேடிப் போ. அந்த முதலாளிக்கு முன்னாலேயே சொல்லு, எடுத்தது என்ர அம்மா எண்டு. பாசை தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போ, அரைகுறையாய்ச் சொல்லிப்போட்டு வராதை. அவள் பேசினால் கேட்டுக்கொண்டு நில், அது எனக்கு விழவேண்டிய பேச்சு. அப்பாவுக்கு இண்டைக்கே சொல்லப் போறன்.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைச்சிட்டுது எண்டு சொல்லி ஒரு போன் எடு, குஞ்சு. அது போதும். அதுக்குப் பிறகு எத்தினை மலையெண்டாலும் ஏறு. திரும்பி வா எண்டு அம்மா ஒருநாளும் கேக்கமாட்டன்.

போற இடமெல்லாம் நீ நல்லாயிருக்கவேணும்.

உன்ர பையை இனித் தொடமாட்டாத அம்மா,
தவநாயகி