பலாக்காயாகிப்போன மயில்கள்

மாப்ளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று போடி பஸ் ஸ்டாண்டில், ஊரே பார்க்க, ஒரு ஜீப்பின் முன்கண்ணாடியைத் தடவிக்கொண்டு நின்றேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, கண்ணாடிக்குச் சுளுக்கா?" என்றார். உன் ஜீப்புதான். நீ போய்ச்சேர்ந்த பிறகு கைமாறி, பெயிண்டும் மாறிவிட்டது. அந்தப் பச்சை ஸ்டிக்கர் மட்டும் ஓரம் சுருண்டு இன்னும் ஒட்டியிருக்கிறது.

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, அதை ஒட்டிய சமயத்தில் உன்னோடு கோபித்துக்கொண்டு சிலமலைக்குத் தாய்வீடு போயிருந்தாள். அங்கே ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு நீ ஆள் ஏற்றுகிற இடத்தில்தான் அவளும் தினமும் நிற்பாள். உன் ஜீப்பை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவாள். போடியே இதைப் பேசியது. பேசியவர்களில் நான்தான் முதல் ஆள். ஒரு மத்தியானம் என் ஸ்டிக்கர் கடைக்கு வந்தாய்.

"கழுத்தோட கழுத்து பின்னுன மாதிரி ரெண்டு மயிலு வேணும். காலையில அவ பாக்கணும். வாயத் தொறந்தா எனக்குச் சண்டைதான் வருது மாப்ளே."

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மயில் வரைந்தேன். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வெட்டியது. கழுத்துகள் குறுக்கிட்ட இடத்தில் பிளேடு இரண்டு தடவை ஓடி, தலைகள் கழன்று கையோடு வந்தன. உன் முகம் வெளுத்துவிட்டது.

விடுவேனா? நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு மயிலின் கோடு மற்றதன் உடம்புக்குள் போகிற இடமெல்லாம் அழித்து, மிச்சத்தைக் கோத்து ஒரே வெளிக்கோடாக்க வேண்டும். அதை ஒழுங்காகவே செய்தது. ஆனால் கழுத்துகளுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதையும் வெட்ட வேண்டும் என்று எழுத மறந்துபோனேன். சந்தெல்லாம் அடைபட்டு, தலைகள் மேலே இரண்டு காம்பாக நிற்க, ஒரு பெரிய பலாக்காய் வந்து விழுந்தது.

"மயிலக் கேட்டா காய்கறியக் குடுக்குறியேடா!"

"திருத்த ரெண்டு நாள் குடு."

"ரெண்டு நாள் தாங்காது. இதையே ஒட்டு."

மறுநாள் காலை வேடிக்கை பார்க்க நானும் உன் ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டேன். சிலமலையில் தங்கச்சி கையில் பையோடு நின்றாள். கண்ணாடியையே பார்த்தாள்.

"பலாக்காய எதுக்கு ஒட்டிருக்கீக?"

"அது நாமதான்" என்றாய், சாலையைப் பார்த்தபடி.

சிரித்துவிட்டாள். அடுத்த ஜீப்பு வரும் முன்னே உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தும் விட்டாள்.

பிறகு அந்தப் புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது சந்து பொந்தெல்லாம் சரியாக விடுகிறது. பழைய தப்பையும் அழிக்காமல் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த புரோகிராம் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். நேற்று அந்த டிரைவரிடமும் சொன்னேன்.

அந்தச் சூட்டோடு தங்கச்சியைப் பார்த்து அவளிடமும் சொன்னேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "துணிமணிய முந்தின நாளே பையில கட்டிட்டேண்ணே. அன்னைக்குச் சோலி முடிச்சு எப்படியும் அவுக வீட்டுக்குத்தான் வந்திருப்பேன்."